உடன்பிறந்தார் பிள்ளைகளுக்கும்

என் நைனா பட்டாளத்திலிருந்து எழுதிய கடிதங்களில் என் அம்மாவை அண்ணி என்றுதான் குறிப்பிடுவார். அண்ணி சௌக்கியமா, அண்ணியை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவும், இப்படி. கட்டின பெண்டாட்டியை அண்ணி என்று எழுதின மனிதர் இந்த உலகத்தில் எங்கள் நைனா ஒருவராகத்தான் இருந்திருப்பார். சிரிக்காதீர்கள். உங்கள் வீடுகளிலும் அந்த இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் என்னென்னவோ நடந்திருக்கும். சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை, எனக்கு எண்பது தாண்டியபின் வந்துவிட்டது, அவ்வளவுதான்.

எங்கள் வீடு செஞ்சியில், கோட்டைக்கு அந்தப் பக்கம், மாதா கோயில் தெருவில் இருந்தது. நைனா, அம்மா, நான், நைனாவின் தம்பியான சித்தப்பா, ஆக நாலு பேர். சித்தப்பாவுக்கு வலது கால் கொஞ்சம் குட்டை. சின்ன வயதில் ராஜகிரிப் பாறையில் சீத்தாப்பழம் பறிக்க ஏறி விழுந்தாராம். ஒடிந்த எலும்பு கோணலாகச் சேர்ந்துவிட்டது. அந்தக் காலோடுதான் ஏர் ஓட்டுவார், மாட்டைப் பூட்டிக் கிணற்றில் கவலை இறைப்பார், என்னைத் தோளில் உட்காரவைத்துத் தேர் பார்க்கக் கூட்டிப்போவார். ஊரில் ஒருவரும் அவரை நொண்டி என்று சொல்லி நான் கேட்டதில்லை.

மழை இரண்டு வருடம் ஏமாற்றியது. அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அபூர்வமாக இருந்தது. அப்போதுதான் கடைத்தெருவில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கும் லாரி வந்து நின்றது. கிராமபோன் பாட்டு, வருகிறவனுக்கெல்லாம் டீ, பிஸ்கோத்து. நைனாவுக்குப் போகத் துடிப்பு, ஆனால் வயது தாண்டிவிட்டது. கிறிஸ்தவர்களிடம் வயதுக்கு அத்தாட்சியாக ஞானஸ்நானச் சீட்டைக் கேட்டார்கள். எங்கள் வீட்டு உத்தரத்தில் ஒரு மூங்கில் குழாய் தொங்கும், காகிதம் எதுவானாலும் அதற்குள்தான். அன்றைக்கு அதில் சித்தப்பாவின் சீட்டு இருந்தது. அனந்தபுரத்தில் அவருக்குப் பெண் பேசியிருந்தார்கள். கோயிலில் கல்யாண ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்க வேண்டுமென்று பங்குச் சாமியாரிடம் அதை எழுதி வாங்கி வைத்திருந்தார்கள். நைனா அதை உருவிக்கொண்டு போய் லாரிக்காரர்களிடம் நீட்டினார். தம்பியின் பேர், தம்பியின் வயது, கல்யாணமாகாதவர் என்று எழுதிக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து காகிதத்தில் என் நைனா எனக்குச் சித்தப்பா. வீட்டிலிருந்த சித்தப்பா எனக்கு நைனா. அவர் கல்யாணத்தை நைனா திரும்பி வரும்வரை தள்ளிவைத்தார்கள். மணியார்டர் வந்தால் அண்ணன் பேரில் சித்தப்பாதான் கையெழுத்துப் போடுவார். பட்டாளத்துக் கடிதங்களை வழியிலேயே பிரித்துப் படித்து முத்திரை குத்தித்தான் அனுப்புவார்கள் என்பதால், நைனா ‘அன்புள்ள அண்ணனுக்கு’ என்று தன் பேருக்குத் தானே எழுதுவார். உண்மை தெரிந்தால் பொய்ப் பேரில் சேர்ந்தவரென்று ஜெயிலில் போட்டுவிடுவார்கள் என்று அம்மாவுக்குப் பயம்.

அம்மாவுக்கு எழுத்து தெரியாது. நான்தான் படித்துக் காட்டுவேன். அண்ணி என்ற இடம் வந்ததும் அம்மா களுக்கென்று சிரிப்பாள், பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொள்வாள்.

“இன்னொரு தபா படிடி.”

ஒருநாள் மூன்றாவது தடவை படிக்கச் சொன்னபோது நான் சலித்துக்கொண்டேன். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. “எனக்கு எழுத்து தெரிஞ்சிருந்தா எம் புருசன் எழுதனத உன் வாயால கேட்டுக்கினு குந்தியிருப்பேனா? நீயாவது படி. எவ்ளோ தூரம் இருக்குதோ அவ்ளோ தூரம் படி” என்றாள். நான் ஐந்தாம் வகுப்பு முடிக்கிற சமயம் அது.

அதற்கு மேல் படிக்க வேண்டுமென்றால் கன்னியாஸ்திரீகள் நடத்தின பள்ளிக்கூடம்தான் வழி. பஸ்ஸில் அரை நாள் போகவேண்டும், அங்கேயே தங்கிப் படிக்கவேண்டும். தனியார் பள்ளி, மாதாமாதம் சம்பளம் கட்டவேண்டும். நமக்கு எங்கே கட்டுப்படியாகும்? ஆனால் பட்டாளத்தார் பிள்ளைகளுக்கு அந்தச் சம்பளத்தைச் சர்க்காரே கட்டும் என்று பூசை முடிந்ததும் சாமியார் அறிவித்தார். அம்மா கோயிலிலேயே என் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்த அழுத்தத்தில் என் பித்தளை மோதிரம் விரலில் பதிந்துவிட்டது.

ஜூன் மாதம் மூன்று பேரும் கரி பஸ்ஸில் போனோம். பெட்ரோல் கிடைக்காத காலத்தில் பின்னால் கரியடுப்பு வைத்துக்கொண்டு ஓடின பஸ் உங்களுக்கு நினைவிருக்கும். மேடு வந்ததும் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். சித்தப்பாதான் எல்லோருக்கும் முன்னால் நின்று தள்ளினார். பள்ளிக்கூடத்துக்குள் நுழையும்போது எங்கள் முகத்தில் ஒரு சுற்றுக் கரி. சிவப்புச் சிமெண்டுத் தரை முகம் தெரிகிற மாதிரி பளபளத்தது. நான் மிதித்த இடமெல்லாம் புழுதித் தடம் விழுந்தது.

பள்ளித் தலைவியான மதர் இரண்டு காகிதங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தார். ஒன்று பட்டாளத்துக் காகிதம், இன்னொன்று என் ஞானஸ்நானச் சீட்டு.

“பட்டாளத்தில் இருப்பது உன் கொழுந்தன். சர்க்கார் கொடுப்பது பட்டாளத்தான் பெற்ற பிள்ளைக்கு. உன் புருஷன்தான் இதோ பக்கத்திலேயே நிற்கிறாரே!”

அம்மா வாயைத் திறந்தாள், மூடினாள். உண்மையைச் சொன்னால் நைனா ஜெயிலுக்குப் போவார், சொல்லாவிட்டால் எனக்குப் படிப்பு போகும்.

“ஏமாற்றி வாங்கப் பார்க்காதே அம்மா” என்று மதர் மெதுவாகத்தான் சொன்னார். மனசார ஒரு குற்றமும் செய்யாத என் அம்மா தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள். மதர்மேல் எனக்கு இப்போது கோபமில்லை. அவர் கையிலிருந்த காகிதம் அப்படி. அன்றைக்கு எனக்குக் கோபம் அம்மாமேல்தான். வாயிருந்தும் பேசத் தெரியவில்லையே என்று வழி முழுக்க அவளோடு பேசாமல் வந்தேன். எவ்வளவு பெரிய மடச்சியாக இருந்திருக்கிறேன் பாருங்கள்.

அந்த வருடம் நான் வீட்டில்தான் கிடந்தேன். மல்லாட்டை அறுவடை வந்தது. மற்ற ஊர்க்காரர்கள் வேர்க்கடலை என்பார்கள், எங்களுக்கு மல்லாட்டைதான். செடியைப் பிடுங்கிக் குவித்து, சுற்றி உட்கார்ந்து காயை ஆய்வோம். நகத்துக்குள் செம்மண் ஏறி, சோறு தின்றாலும் மண் வாசனை அடிக்கும். அப்படி ஆய்ந்துகொண்டிருந்த ஒரு காலையில்தான் கிராம அதிகாரியான மணியக்காரர் வரப்பில் வந்து நின்றார். கையில் தாலுகா ஆபீசிலிருந்து வந்த காகிதம். பட்டாளத்தார் பிள்ளைகளுக்கு என்று இருந்த சலுகையை, அவர்களை அண்டிப் பிழைக்கிற உடன்பிறந்தார் பிள்ளைகளுக்கும் என்று நீட்டியிருந்தார்கள். ஒரே ஒரு நிபந்தனை. அந்தப் பிள்ளையின் சொந்தத் தகப்பன் இறந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் உழைத்துச் சம்பாதிக்க முடியாதவனாக இருக்கவேண்டும்.

மணியக்காரருக்கு எங்கள் வீட்டுக் கதை முழுக்கத் தெரியும். “இன்னாம்மா, உன் கஷ்டம் தீந்துது போ. காயிதப்படி பட்டாளத்துல இருக்கறது உன் கொழுந்தன் தானே? உன் புருசன் செத்துட்டான்னு நான் ஒரு சீட்டு எழுதறேன். நீ ரேகை வச்சிட்டா போதும், வர்ற ஜூன்ல பொண்ணு பள்ளிக்கூடத்துல இருக்கும்” என்றார்.

அம்மா எழுந்தே விட்டாள். மடியிலிருந்த மல்லாட்டையெல்லாம் கொட்டிப்போயிற்று.

“அய்யோ மாதாவே! அவரு எங்கியோ காட்டுல ரோடு போட்டுக்கினு இருக்காரு. தலைக்கு மேல ஏரோப்ளேன் குண்டு போடுது. கடுதாசி வந்து ஒரு மாசம் ஆவுது. நான் இங்க குந்திக்கினு, எம் புருசன் செத்தான்னு எங்கையால ரேகை வைக்கணுமா? வைக்க மாட்டேன். எம் பொண்ணு படிக்கவே வேணாம்!”

“காயிதத்துல தானேம்மா!” என்று கத்தினேன் நான்.

பளாரென்று கன்னத்தில் அறைந்தாள். என் ஆயுசில் அம்மா என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான். அடித்த கையை அவளே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சித்தப்பா இவ்வளவுக்கும் தலை நிமிராமல் காய் ஆய்ந்துகொண்டிருந்தார். கையிலிருந்த செடியை முடித்து வைத்துவிட்டுத்தான் பேசினார்.

“செத்தவன் மணியார்டருக்கு எப்பிடிங்க கையெழுத்து போடுவான், மணியக்காரரே? அண்ணி, நீங்க குந்துங்க. செத்தவன் வேணாம். ஒழைக்க முடியாதவன்னும் போட்டிருக்குது இல்ல? அதுக்குத் தோதா ஒரு காலு நம்ம வூட்டுலியே இருக்குது. அண்ணனா நான் போய் நிக்கறேன்.”

அம்மா கொட்டின மல்லாட்டையைப் பொறுக்கி மடியில் போட்டாள். பிறகு, “தம்பி, அனந்தபுரத்துக்காரங்க காதுல வுழுந்தா?” என்றாள்.

“வுழுந்தா வுழட்டும். காயிதம் தானே” என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் கத்தின அதே வார்த்தையைத்தான் அவரும் சொன்னார், எனக்கு மட்டும் அறை விழுந்தது என்று அன்றைக்கு மனக்குறை.

தாலுகா ஆபீசில் விசாரணை அடுத்த செவ்வாய்க்கிழமை. பிள்ளையையும் கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள். சித்தப்பாவை நைனா என்று கூப்பிட நான் பழகவேண்டும். வயலில் சித்தப்பா, “எங்க, கூப்புடு” என்பார். எனக்கு வராது. நைனா என்றால் எனக்கு ஒரு முகம்தான் வரும். தொண்டையிலேயே அந்தச் சொல் நின்றுவிடும். அதோடு, புதுநன்மை என்ற முதல் நற்கருணை வாங்கி ஒரு வருடம் ஆகாத பிள்ளை நான். பொய் சொன்னால் நரகம் என்று ஞானோபதேச வகுப்பில் படம் வேறு காட்டியிருந்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம், செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்குகிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போய் முழங்கால் போட்டேன்.

“சாமி, வர்ற செவ்வாக்கெழம ஒரு பொய் சொல்லப்போறேன். அதுக்கு இப்பவே மன்னிப்பு குடுத்துடுங்க.”

உள்ளே சாமியாரின் நாற்காலி கிறீச்சிட்டது. “செவ்வாய்க்கிழமை பாவத்துக்குச் சனிக்கிழமையே மன்னிப்பா? அப்படியெல்லாம் கொடுக்க முடியாது. எழுந்து போ.”

“சொல்லிட்டு வந்தா குடுப்பீங்களா?”

“சொல்லாமல் இரேன்.”

“சொல்லலன்னா படிக்க முடியாது சாமி.”

சாமியார் இருமினார். வெகு நேரம் இருமினார். அது இருமல் இல்லை, சிரிப்பு என்று எனக்கு இப்போது சந்தேகம். எங்கள் வீட்டு ஞானஸ்நானம், கல்யாணம் எல்லா ஏடும் அவர் கையில்தானே இருந்தது? எதுவும் தெரியாமலா இருந்திருப்பார்? “மாதாவிடம் வேண்டிக்கொள். சொல்லவேண்டியதை அவள் பார்த்துக்கொள்வாள்” என்று அனுப்பிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை மணியக்காரர் தன் கைத்தடியைச் சித்தப்பாவிடம் கொடுத்தார். அதுவரை சித்தப்பா தடி பிடித்து நான் பார்த்ததே இல்லை. ஆபீஸ் வாசலில் புளியமரம், அடியில் முத்திரைத்தாள் விற்கிறவர், உள்ளே அரக்கு வாசனையும் மை வாசனையும். கண்ணாடி போட்ட ஆபீசர் காகிதத்திலிருந்து நிமிர்ந்து, “நடந்து வாரும், பார்ப்போம்” என்றார்.

சித்தப்பா வாசலிலிருந்து மேசைவரை நடந்தார். தடியை ஊன்றி, காலை இழுத்து இழுத்து. பஸ்ஸை முன்னால் நின்று தள்ளின மனிதர்.

“உழைத்துப் பிழைக்க முடியுமா உம்மால்?”

சித்தப்பாவின் கழுத்து நரம்பு புடைத்தது. “முடியாதுங்க ஐயா” என்றார்.

அன்று சொல்லப்பட்ட பொய்களில் பெரியது அதுதான். நைனா என்று கூப்பிடும் பொய்யையே நினைத்து நான் பயந்துகொண்டிருந்ததால் இதைக் கவனிக்கவில்லை. இப்போது கண்ணை மூடினால் அந்தக் கழுத்துதான் முதலில் தெரிகிறது.

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். “பாப்பா, இவர் உனக்கு யார்?”

வாயைத் திறந்தேன். வரவில்லை. சித்தப்பா என்று சொல்லிவிடுவேனோ என்று பயந்து, அவர் வேட்டியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஓவென்று அழுதுவிட்டேன். வேட்டியில் மல்லாட்டை மண் வாசனை. அவர் கை என் தலைமேல் வந்தது. ஆபீசர், “சரி சரி, அப்பாவைப் பிரிந்து போகவேண்டுமே என்று அழுகிறது குழந்தை” என்று தாமாகவே முடிவு செய்துகொண்டு கையெழுத்துப் போட்டார். ஆக, நான் பொய்யே சொல்லவில்லை. மாதா பார்த்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் சித்தப்பா தடியை மணியக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, கடைத்தெருவில் எனக்குப் பொரியுருண்டை வாங்கிக்கொடுத்தார். பிறகு வீட்டுக்கு வேகமாக நடந்தார். அவ்வளவு வேகமாக அவர் நடந்து நான் பார்த்ததில்லை. உருண்டையைக் கடித்துக்கொண்டே பின்னால் ஓடினேன். மறுவாரம் நைனாவின் கடிதம் வந்தது. அண்ணி சௌக்கியமா என்று கேட்டிருந்தார். அம்மா அதை ஐந்து தடவை படிக்கச் சொன்னாள், நான் ஐந்து தடவையும் படித்தேன்.

ஜூனில் அதே சிவப்புத் தரையில் நின்றேன். மதர் தகரப்பெட்டியை எங்கே வைக்கவேண்டுமென்று அவரே வந்து காட்டினார். அந்த ஆணையில் ‘உடன்பிறந்தார் பிள்ளைகளுக்கும்’ என்று சேர்த்து எழுதினவர் யாரோ, எந்த ஊர்க்காரரோ, தெரியாது. பெற்றவர்கள் பட்டாளத்தில் இருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் போதும் என்று அவர் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. இன்னும் யாராவது விட்டுப்போயிருப்பார்களோ என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கிறார். அந்த மனிதருக்காக நான் இன்றைக்கும் ஜெபம் செய்கிறேன். உதவித்தொகையைக் கண்டவனுக்கெல்லாம் நீட்டுகிறார்கள் என்று நம் வயதுக்காரர்கள் சிலர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேசுவதைக் கேட்கிறேன். அந்தக் கண்டவர்களில் நானும் ஒருத்தி, ஐயா. டீயைக் குடித்துவிட்டுப் போங்கள்.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா என்னைப் பார்க்க வருவார். வாசல் நோட்டில் தகப்பனார் என்ற இடத்தில் நைனாவின் பேரைக் கையெழுத்துப் போடுவார். வறுத்த மல்லாட்டையும் வெல்லமும் துணியில் முடிந்து கொண்டுவருவார். எப்போது கல்யாணம் என்று நான் ஒவ்வொரு தடவையும் கேட்பேன். “பொண்ணு இன்னும் பொறக்கல” என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

நான் டீச்சராகி முதல் சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்த அன்றுதான் அம்மா உண்மையைச் சொன்னாள். தாலுகா ஆபீசு சேதி அந்த வாரமே அனந்தபுரத்துக்குப் போய்விட்டதாம். பெண்ணின் தகப்பனார் வந்து நின்று, “ஒழைக்க முடியாதவன்னு சர்க்காரே எழுதிக் குடுத்துட்ட ஆளுக்கு நான் எப்பிடிம்மா பொண்ணு குடுப்பேன்?” என்று கேட்டுவிட்டுப் போனாராம். அப்புறம் எந்த ஊரில் பேசினாலும் அதே பேச்சு. சித்தப்பா அதைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை. கடைசிவரை தனிக்கட்டையாகவே இருந்துவிட்டார்.

சண்டை முடிந்து நைனா வந்தது நான் மூன்றாம் ஃபாரம், அதாவது எட்டாம் வகுப்பு, படிக்கும்போது. ரயிலை விட்டு இறங்கி நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். காக்கிச் சட்டை, தோளில் துணிப்பை, பையில் தொங்கின பச்சைப் பீங்கான் குவளை, அதில் ஒரு பக்கம் பூச்சு பெயர்ந்திருந்தது. ஆளே பாதியாக இளைத்திருந்தார். மதர் பக்கத்தில் நின்றுகொண்டு, “யார் இவர்?” என்று என்னைக் கேட்டார்.

நான் பல வருடம் பார்க்காத என் நைனா. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ள உடம்பெல்லாம் துடிக்கிறது. ஆனாலும் இந்தத் தடவை தொண்டை மக்கர் செய்யவில்லை.

“சித்தப்பா, மதர். பட்டாளத்துச் சித்தப்பா.”

நைனா என்னையே பார்த்தார். ஒரு கணம் அவர் கண்ணில் ஏதோ வந்து போயிற்று. மதர் அவருக்குக் கைகூப்பினார். “அண்ணன் மகளுக்கு இவ்வளவு செய்கிறவர்கள் அபூர்வம். உங்களால்தான் இந்தப் பெண் படிக்கிறாள்” என்றார்.

நைனா தலையைக் குனிந்துகொண்டார். “நான் ஒண்ணும் பண்ணல மதர்” என்றார். “எல்லாம் இவ நைனா பண்ணது.”

மதர் உள்ளே போனபிறகு வராந்தாவில் உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம், சிரித்தோம். அந்தக் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். எத்தனையோ வீடு மாறியதில் அது எங்கேயோ தொலைந்துவிட்டது. மூங்கில் குழாயும் இப்போது இல்லை.

நைனா முதலில் போனார், பிறகு அம்மா. சித்தப்பா தொண்ணூறை எட்டிப் பிடித்துவிட்டுத்தான் போனார், அதுவும் என் வீட்டில், நான் கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டு. அடக்கத்துக்குக் கோயிலில் எழுதவேண்டும். சாமியார் சின்னப் பையன், ஊருக்குப் புதிது. பேர், வயது எல்லாம் கேட்டு எழுதினார்.

“மனைவி, பிள்ளைகள்?”

“மனைவி இல்லை.”

“நீங்கள் அவருக்கு யாரம்மா?”

தாலுகா ஆபீசில் வராத சொல் அன்றைக்குத் தயாராக வந்து நின்றது.

“மகள்” என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். அதை மட்டும் அங்கே சொல்லவில்லை.